வாப்பாவின் ஸ்பீக்கர் பொக்ஸை விற்கலாமா?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய வாப்பா 1984இல் குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த ஜப்பான் ஸ்பீக்கர் பொக்ஸ் ஒரு சோடி வீட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பீக்கர், கீழே தாழ்ந்த பேஸ் ஒலி தருகிற 10 அங்குல வூஃபர், முன்பக்கம் ஒரு வட்டத் துளை. ஹோல் 12 அடிக்கு 14 அடி. தரைக்கு டைல்ஸ், மேலே பலகை சீலிங். "பேஸ் குமுறுது. பாட்டுச் சொல் விளங்குதில்ல. ஒரு பொக்ஸ்ல கொறகொறன்னு சத்தம். பழசாப் போனதாலயா? வித்துப்போட்டு புளூடூத் ஒன்று எடுக்கவா? உம்மாவும் ரெண்டையும் ஹோல விட்டு எடுக்கச் சொல்றா." இவ்வளவுதான் கேள்வி. கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தார்.

விற்க வேண்டாம் தம்பி. உங்கள் மூன்று முறைப்பாட்டில் முதல் இரண்டும் பொக்ஸினுடையவை அல்ல, ஹோலினுடையவை. படத்தில் ஒரு பொக்ஸ் மூலைக்குள் தரையோடு இருக்கிறது. மற்றது ஷோகேஸுக்கும் சுவருக்கும் நடுவில் இறுகிப்போய் நிற்கிறது. இந்த இரண்டு இடத்திலும் நேற்று வாங்கிய புதுப் பொக்ஸை வைத்தாலும் குமுறத்தான் செய்யும். மூன்றாவது முறைப்பாடு மட்டும் வயதால் வந்ததாக இருக்கலாம். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

முன்பக்கத் துணிச் சட்டத்தை மெதுவாக இழுத்துக் கழற்றுங்கள். வூஃபரில் ஆடுகிற கடதாசிக் கூம்பை, அதாவது கோனைச் சுற்றி, அதை இரும்புச் சட்டத்தோடு சேர்க்கிற மெத்தென்ற வளையம் ஒன்று இருக்கும். அது றப்பரா, துணியா, ஃபோமா என்று பாருங்கள். றப்பரும் பசை பூசிய துணியும் பெரும்பாலும் நம்மைவிட நன்றாகவே வயதுக்குப் போகும். ஃபோம் என்றால் கதை வேறு. வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்த ஃபோம் பத்து இருபது வருடத்தில் தன்னாலே சிதைந்துவிடும். பாட்டுப் போட்டாலும் சிதையும், போடாமல் பூட்டி வைத்தாலும் சிதையும். என் சோடியை முதன்முதல் திறந்தபோது அந்த வளையம் முறுகிய அப்பத்தின் ஓரம் மாதிரி நின்றது. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து, விரலில் கருப்பாக ஒட்டிக்கொண்டது. உங்களுடையதும் அப்படியென்றால் கொறகொறப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். அன்றிலிருந்து பாட்டுப் போடுவதையும் நிறுத்துங்கள். பிடியில்லாத கோன் ஒரு பக்கம் சாய்ந்து ஆடினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருளான கொயில் காந்தத்தில் உரசி அறுந்துவிடும். வளையம் மாற்றுவது சின்ன வேலை, கொயில் சுற்றுவது பெரிய வேலை.

வளையம் முழுதாக இருந்தால், இரண்டு கையின் விரல்களையும் கோனில் பரவலாக வைத்து மிக மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். உரசுகிற சத்தம் கேட்காமல் வழுக்கிப் போய்வந்தால் கொயில் நேராக இருக்கிறது. பிறகு அம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றிவிட்டு தடை அளக்கிற மல்டிமீட்டரைப் பிடியுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5இலிருந்து 7 வரை காட்டும். குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ வயர் விட்டிருக்கிறது.

அடுத்தது பற்றரிச் சோதனை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் பற்றரியின் நேர்முனையைச் சிவப்புக்கும் எதிர்முனையைக் கறுப்புக்கும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் "டொக்" என்று வெளியே தள்ளும். பழைய ஜேபிஎல் சிலதில் உள்ளே இழுக்கும், அவர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, இரண்டு பொக்ஸும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். பாடுகிறவரின் குரலும் நடுவில் நிற்காமல் ஹோல் முழுக்க அலையும். எத்தனையோ வீட்டில் இதை "ஸ்பீக்கர் பழுது" என்று சொல்லி மூலையில் போட்டிருக்கிறார்கள். திருத்தம் இரண்டு வயரை மாற்றிக் கொழுவுவதுதான்.

கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் குடியிருக்கிற நமக்கு இன்னொரு உபத்திரவம் உண்டு. பொக்ஸின் பின்பக்கம் வயர் கொழுவுகிற இடத்தைப் பாருங்கள். உப்புக்காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், இரும்பு என்றால் கறள். வயர் நுனியை வெட்டிப் புதிதாக உரித்து, கொழுவியை நைஸான சான்ட் பேப்பரால் தேய்த்துவிட்டாலே பாதிக் கொறகொறப்பு அடங்கிவிடும். முன்பக்கம் சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருந்தால் அதை இருபது முப்பது தடவை இரண்டு பக்கமும் முழுதாகத் திருகுங்கள். அதற்குள்ளும் களிம்புதான்.

இனி அந்த முன்பக்கத் துளை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு வருடம் ஏமாந்திருக்கிறேன். என் வலது பொக்ஸில் பேஸ் மெலிந்துகொண்டே வந்தது. பேஸையும் மேல்ச் சுருதியையும் பிரித்து அனுப்புகிற கப்பாசிட்டர்தான் என்று முடிவெடுத்து இரண்டை மாற்றினேன், குணமில்லை. வூஃபரை இடம் மாற்றிப் பார்த்தேன், அப்போதும் வலது பக்கம்தான் மெலிந்தது. ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரம், ரோச் லைட் கையில் இருந்ததால், துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே குழாயில் பாதியை அடைத்துக்கொண்டு குளவி கட்டிய மண்கூடு, என் சுட்டுவிரல் நீளத்துக்கு! அந்தத் துளை அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. குழாயில் இருக்கிற காற்று ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுருதியில் வூஃபரோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று அளந்து வைத்தது. பாதி அடைந்தால் சுருதி போய்விடும். மெதுவாக உடைத்து எடுத்தேன். இப்போது இரண்டு துளைக்கும் உட்பக்கமாக நுளம்பு வலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். காற்றுக்குத் தடையில்லை, குளவிக்கும் பல்லிக்கும் வழியில்லை. முதலில் துளைக்குள் பாருங்கள், பிறகு கப்பாசிட்டருக்குப் போங்கள்.

கப்பாசிட்டரும் வயதுக்குப் போகிற சாமான்தான். மேல்ச் சுருதி பாடுகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மங்கிப்போய், சல்லரிச் சத்தம் துணிக்குள்ளால் கேட்பது போல இருந்தால் அது காய்ந்திருக்கலாம். மாற்றுவதென்றால் இரண்டு பொக்ஸிலும் மாற்றுங்கள், அதே அளவு, முனை இல்லாத வகை. எனக்கு ஒரு கடையில் நேர்முனை எதிர்முனை உள்ள சாதாரண கப்பாசிட்டரைப் போட்டுத் தந்தார்கள். இரண்டு மாதம் போகவில்லை, அது வீங்கிவிட்டது.

வளையம் மாற்ற நேர்ந்தால் "10 அங்குலம்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், சட்டத்தின் உள் விட்டம், வளையத்தின் மடிப்பு அகலம், இந்த மூன்றையும் மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டு போங்கள். கொழும்புக்குப் போகிற ஆள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடச் சொல்லலாம். இங்கே கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கர் திருத்துகிறவர்கள் கைத்திறமானவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கைக்குப் பழகியது தடித்த, விறைப்பான வளையம். அதை வீட்டு வூஃபரில் ஒட்டினால் கோன் அசையாது, பேஸ் செத்துவிடும். "மெத்தென்றுதான் வேண்டும்" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ஒட்டும்போது கொயில் நடுவில் நிற்க, நடுமூடியைக் கழற்றி, கொயிலுக்கும் காந்தத்தின் நடுக்கட்டைக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே படத்தைக் கீலமாக வெட்டிச் செருகுவார்கள். பசை காய்ந்த பிறகு இழுத்து எடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் செய்தேன்.

சரி, இப்போது குமுறலுக்கு வருவோம்.

பேஸ் ஒலி ஸ்பீக்கரிலிருந்து முன்னால் மட்டும் போவதில்லை, நாலா பக்கமும் பரவும். பக்கத்தில் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி வந்து மூலத்தோடு சேரும். கணக்குப்படி ஒவ்வொரு பரப்பும் பேஸை 6 டெசிபெல் வரை கூட்டும். தரை ஒன்று, பின்சுவர் இரண்டு, பக்கச்சுவர் மூன்று. உங்கள் மூலைப் பொக்ஸுக்கு மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதைக் கட்டின ஜப்பான்காரர் ஒரு பரப்பையோ இரண்டையோ மனதில் வைத்துத்தான் கட்டியிருப்பார். மிச்சம் எல்லாம் உங்கள் ஹோல் இலவசமாகப் போடுகிற பேஸ். அந்த மிச்சம்தான் பாட்டின் சொல்லை மூடுகிறது.

அப்படியானால் சுவரை விட்டு நன்றாகத் தள்ளிவிட்டால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வெக்கையில், 30 பாகை அளவில், ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். வூஃபர் பின்சுவரிலிருந்து 60 சென்றிமீற்றரில் இருந்தால், 145 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது செக்கனுக்கு 145 தடவை ஆடுகிற சுருதியில், சுவரிலிருந்து திரும்பி வருகிற அலை எதிர்க்கட்டத்தில் (மூலம் தள்ளும்போது இது இழுக்கிறபடி) வந்து மூலத்தை அழிக்கும். அது ஆண் குரலின் அடிப்பகுதி இருக்கிற இடம், குரல் மெலிந்துபோகும். தரையிலிருந்து 60, பின்சுவரிலிருந்து 60, பக்கச்சுவரிலிருந்து 60 என்று மூன்றும் ஒரே தூரமானால் இப்படி ஒலி மெலிகிற மூன்று பள்ளமும் ஒரே சுருதியில் விழும். அமெரிக்க வடிவமைப்பாளர் ரோய் அலிசன் 1974இல் இந்தச் சுவர்க் கணக்கைக் கட்டுரையாகவே எழுதினார். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒரு வரிதான்: மூன்று தூரமும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும்.

இதற்கு மேல் ஹோலுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சில சுருதிகள் நின்று ஆடும். உங்கள் 12 அடிக்கு அது 48 ஹேர்ட்ஸ், 14 அடிக்கு 41. பொக்ஸ் மூலையில் இருந்தால் இரண்டும் உச்சமாகக் கிளம்பும். நீங்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் அந்தச் சுருதி காதில் இடிக்கும், ஹோலின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். ஒரே பாட்டு, ஒரே பொக்ஸ், கதிரையை மூன்றடி தள்ளிப் போட்டால் வேறு பேஸ். நம்பாவிட்டால் போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, 41 ஹேர்ட்ஸ் போட்டுவிட்டு ஹோலுக்குள் நடந்து பாருங்கள்.

உங்கள் ஹோலுக்கு நான் என்றால் இப்படித் தொடங்குவேன். 12 அடிச் சுவர்ப் பக்கம் இரண்டு பொக்ஸும். பொக்ஸின் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு அடி. துளை முன்பக்கம் என்பதால் இவ்வளவு போதும், துளை பின்னால் இருந்திருந்தால் இரண்டடி கேட்டிருப்பேன். பக்கச்சுவரிலிருந்து பொக்ஸின் நடுவுக்கு இரண்டே முக்கால் அடி. இரண்டுக்கும் இடையில் ஆறரை அடி வரும். நீங்கள் உட்காருவது எதிர்ச் சுவரிலிருந்து ஐந்தடி முன்னால். ஷோகேஸ் அந்தச் சுவரில்தான் இருக்கிறது என்றால் ஷோகேஸை நகர்த்தப் பாருங்கள், பொக்ஸை அதற்குள் செருகப் பார்க்க வேண்டாம்.

பிறகு உயரம். ட்வீட்டர் காது மட்டத்துக்குக் கிட்ட வர வேண்டும். கதிரையில் இருந்தால் காது ஏறத்தாழ ஒரு மீற்றரில், பன்பாய் விரித்துத் தரையில் இருந்தால் 75, 80 சென்றிமீற்றரில். ஓடாவியிடம் சொல்லி ஒரு அடி உயரத்தில் ஆடாத ஸ்டான்ட் இரண்டு அடித்தெடுங்கள். அதுவரைக்கும் சீமெந்துக் கல் போதும், மேலே பழைய சாரம் ஒன்றை மடித்துப் போட்டு வையுங்கள். தரையை விட்டு எழும்பினதுமே குமுறலில் ஒரு பங்கு இறங்குவதைக் காண்பீர்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் அண்ணாந்தாற்போல் சாய்த்தால் கதிரைக்காரருக்கும் சரி, பாய்க்காரருக்கும் சரி.

இனிப் பொக்ஸை உங்களை நோக்கிக் கொஞ்சம் உள்ளே திருப்பிவிட்டு, நன்றாகத் தெரிந்த ஒரு குரலைப் போடுங்கள். பேஸ் இடிக்கிற சினிமாப் பாட்டுச் சோதனைக்கு உதவாது, அதில் எது பாட்டின் பேஸ், எது ஹோலின் பேஸ் என்று பிரிக்க முடியாது. றபான் அடித்துப் பாடுகிற பக்கீர் பைத் நல்ல சோதனை. எனக்குக் கூத்துப் பதிவுதான் கைப்பழக்கம். மத்தளத்தின் "தொம்" விழுந்து அடங்கின பிறகும் ஹோல் முனகிக்கொண்டிருந்தால் பொக்ஸ் இன்னும் மூலைக்குக் கிட்ட நிற்கிறது. கூத்தை ஆட்டுவிக்கிற அண்ணாவியாரின் குரல் தகரத்தில் பட்டது போல் கேட்டால் சுவரை விட்டு அளவுக்கு மீறித் தள்ளிவிட்டீர்கள். ஒரு தடவைக்கு நாலு விரல் அகலம் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் தரையில் அடையாளம் போடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், காது களைத்துவிடும். எனக்கு மூன்று வெள்ளிக்கிழமை எடுத்தது.

ஒரு விஷயம் எச்சரிக்கையாக. குமுறல் குறைந்ததும் வேறு சத்தங்கள் வெளியே வரும். "ங்ஙொய்" என்று ஒரு அதிர்வு எனக்கு விடாமல் கேட்டது. வூஃபர்தான் கிழிந்துவிட்டது என்று துக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள்ளிருந்து வந்து, "என்ன மனே, அது உன்ர கலியாணப் படம்தானே கத்துது" என்று சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை விரலால் அமத்தினா. சத்தம் நின்றது. ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, சீலிங் பலகை எல்லாவற்றையும் ஒருதரம் கையால் அமத்திப் பாருங்கள். பலகை சீலிங் ஆடுவது முழுக்கக் கெடுதலும் அல்ல, ஆடுகிறபோது கொஞ்சம் பேஸைத் தானே விழுங்கிவிடும். கொங்கிறீட் தட்டு வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை.

டைல்ஸ் தரையும் பூசின சுவரும் சேர்ந்து உங்கள் ஹோலில் கைதட்டினால் "சரீர்" என்று ஒலி இழுபடும். பொக்ஸுக்கும் உங்களுக்கும் நடுவில் பன்பாயோ விரிப்போ போடுங்கள். மருதமுனைக் கைத்தறித் துணியைத் திரையாகப் போடலாம், அழகுக்கும் நல்லது. ஆனால் மெல்லிய துணி மேல்ச் சுருதியை மட்டும்தான் குடிக்கும். தும்பு மெத்தை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் உட்காருகிற இடத்துக்குப் பின்னால் சுவரோடு நிறுத்திப் பாருங்கள், சொற்கள் தெளிவதை உடனே உணர்வீர்கள். 41 ஹேர்ட்ஸுக்கு இவை ஒன்றும் செய்யாது. அதற்கு மருந்து பொக்ஸையும் கதிரையையும் நகர்த்துவது, அப்புறம் கதவைத் திறந்து வைப்பது. திறந்த கதவால் பேஸ் விறாந்தைக்கு இறங்கிப்போகும். அடுத்த வளவுக்காரர் என்ன சொல்லுவார் என்பது உங்கள் பொறுப்பு.

வயருக்குக் காசு கொட்ட வேண்டாம். ஹார்ட்வெயார் கடையில் விற்கிற 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஐந்து மீற்றருக்குத் தாராளம். போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து அதன் தடை ஓமில் எட்டிலொரு பங்குக்கு மேல் வராது. அம்ப்ளிஃபயர் சின்னது என்றால் அதைக் கடைசி வரை திருகாதீர்கள். வலு போதாமல் அலையின் தலை வெட்டுப்படும்போது முதலில் கருகுவது ட்வீட்டர்தான். இடி மின்னல் நாளில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

வாடைக்காற்றோடு மழை தொடங்கினால், கார்த்திகை மார்கழியில், கடதாசிக் கோனில் பூஞ்சணம் பிடிக்கும், மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் பெட்டி அடியில் ஊதும். மழைச்சாரல் படுகிற வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். தினம் அரை மணித்தியாலம் பாடவிடுங்கள், மழை காலத்தில் பூட்டி வைக்கிற பொக்ஸில்தான் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கிறது. ஸ்டான்டின் காலில் கறையான் மண்கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கச்சான் வீசுகிற காலத்தில் மேற்கு வெயில் ஜன்னலால் நேரே கோனில் விழாமல் திரையை இழுத்துவிடுங்கள். அடி ஊதிப் பொருக்கு விட்டுப்போன பெட்டியையும், 2004இல் கடல் தண்ணீர் புகுந்த பெட்டியையும் காப்பாற்றப் பார்த்து நான் தோற்றிருக்கிறேன். உப்பு காந்த இடுக்குக்குள் போய்விட்டால் விட்டுவிடுவதுதான் நல்லது. உங்கள் படத்தில் பெட்டியின் மூலைகள் கூராகவே இருக்கின்றன.

புளூடூத் பொக்ஸ் கெட்ட சாமான் என்று சொல்ல மாட்டேன். குசினியில் என் மனைவி வைத்திருக்கிறா, நன்றாகப் பாடுகிறது. ஆனால் 10 அங்குலக் கோன் தள்ளுகிற காற்றை உள்ளங்கை அளவு கோன் தள்ளாது. இடது வலது என்று பிரித்துக் குரலை நடுவில் நிறுத்துகிற வேலையும் ஒற்றைப் பெட்டியால் ஆகாது. பழையதை விற்றால் இங்கே யாரும் பெரிதாகக் காசு தரப்போவதில்லை, அதையும் நினைத்துப் பாருங்கள்.

உம்மாவின் விஷயம். பொக்ஸை ஒரு அடி முன்னால் இழுத்தால் ஹோல் சின்னதாகிவிட்டது என்பா, நியாயம்தான். ஸ்டான்டின் அடியில் மெத்தென்ற துணித் துண்டு ஒட்டிவிடுங்கள். ஆட்கள் வருகிற நாளில் சுவரோடு தள்ளி வைத்து, பாட்டுக் கேட்கிற நேரம் பென்சில் அடையாளத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். மேலே பூச்சாடி வைக்கக் கேட்டால் தண்ணீர் இல்லாத பூவென்றால் விட்டுவிடுங்கள். துணிச் சட்டத்துக்கு மேலால் அலங்காரத் துணி தொங்கவிட மட்டும் சம்மதிக்காதீர்கள். ட்வீட்டர் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது.

வளையம் ஃபோமா றப்பரா என்று பார்த்து, அந்த மூன்று அளவையும் எடுத்து எழுதுங்கள். என்னிடம் மாற்றின நேரம் மிஞ்சின ஒரு சோடி இருக்கிறது, அளவு சரிவந்தால் கல்முனை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.